முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு மாணவி எழுதுவது)



உங்களில் யாராவது 1126.5 டிகிரி சூட்டில் நின்றதுண்டா? நாங்கள் நின்றிருக்கிறோம். இந்த வருட புராஜெக்ட் ரிவ்யூ அன்று, நம் லேபில், ஃபேனுக்கு நேர் கீழே!

எங்கள் புராஜெக்ட் சின்னதுதான். ஒரு 8051 கிட். அதோடு ஒரு வெப்ப உணரி. கிட் ஒவ்வொரு நொடியும் வெப்பத்தை அளந்து சீரியல் போர்ட் வழியாகக் கணிப்பொறிக்கு அனுப்ப வேண்டும். கணிப்பொறி அதைத் திரையில் காட்டி ஃபைலில் சேர்த்து வைக்க வேண்டும். கிட் பக்கத்து புரோகிராம் என் பார்ட்னருடையது. கணிப்பொறி பக்கத்து புரோகிராம் என்னுடையது. தசமப் புள்ளி தொல்லை வேண்டாம் என்று டிகிரியைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக அனுப்புவது என்று பேசிக்கொண்டோம். 30.0 டிகிரி என்றால் 300. அவ்வளவுதான் பேசினோம். மற்றதெல்லாம் "தெரிஞ்சதுதானே" என்று விட்டுவிட்டோம்.

ரிவ்யூ அன்று கிட்டின் சின்ன டிஸ்பிளேயில் 30.0. என் கணிப்பொறித் திரையிலோ 1126.5! பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "ஏம்மா, செங்கல் சூளைக்கா புராஜெக்ட்?" லேபே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் எல்லோர் முன்னிலையிலும் நான் சொன்ன வார்த்தை இது: "நீதான் ஏதோ தப்பா கனெக்ஷன் குடுத்து சென்சாரை எரிச்சிட்ட!"

அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தன் கைக்காசைப் போட்டுப் புது சென்சார் வாங்கி வந்து மாட்டினாள். மறுபடியும் ஆயிரத்துச் சொச்சம். பிறகு மூன்று நாள் என்னோடு கேன்டீனுக்கு வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஏ.சி. போட்ட கணிப்பொறி லேபுக்கு கிட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். சூடு மெல்ல இறங்கியது. திடீரென்று என் திரையில் 25.7, கிட்டிலும் 25.7! இரண்டும் ஒன்று! கைதட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் கிட் 25.8 ஆனது, என் திரை 51.3-க்குத் தாவியது. கிட் 25.6 ஆனபோது என் திரை 0.1. பேய் பிடித்த மாதிரி இருந்தது.

பேயைப் பிடித்தவள் என் பார்ட்னர்தான். சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, கிட்டில் இருந்து வெறும் 1, 2, 3 என்று அனுப்பினாள். என் திரையில் 256, 512, 768 என்று வந்தது. "எல்லாம் 256 மடங்கா வருது பாரேன்..." என்றாள். அப்போதுதான் இருவருக்கும் பொறி தட்டியது.

இரண்டு பைட்டும் இரண்டு வழக்கமும்

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 300-ஐ வைக்க இரண்டு பைட் வேண்டும். 300 என்பது ஒரு 256-ம் மீதி 44-ம். ஆக பெரிய பைட் 1, சிறிய பைட் 44. இதுவரை சண்டை இல்லை. மெமரியில் எதை முதலில் வைப்பது என்பதில்தான் சண்டை! 1, 44 என்று பெரியதை முன்னால் வைப்பது பிக் எண்டியன். 44, 1 என்று சிறியதை முன்னால் வைப்பது லிட்டில் எண்டியன்.

கிட் பக்கம் கெய்ல் சி51 கம்பைலர். அது பெரிய பைட்டை முதலில் வைக்கும். என் பக்கத்துக் கணிப்பொறி இன்டெல் வம்சம். அது சிறிய பைட் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். அவள் மெமரியில் இருந்தபடியே 1, 44 என்று அனுப்பினாள். நான் வந்தபடியே மெமரியில் போட்டேன். என் கணிப்பொறி 44-ஐ 256-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டி 11265 என்றது. பத்தால் வகுத்தால் 1126.5. கணக்கில் தப்பே இல்லை! 25.7 மட்டும் ஏன் சரியாக வந்தது? 257-ன் இரண்டு பைட்டுகளும் 1, 1. திருப்பிப் போட்டாலும் அதேதான்.

காரணம் தெரிந்ததும் என் புரோகிராமில் இரண்டு பைட்டையும் இடம் மாற்றினேன். 30.0 வந்தது. இனிப்பு வாங்கிச் சாப்பிட்டு சமாதானம் ஆனோம். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து கிட் புரோகிராம் வளர்ந்துவிட்டது. கெய்லின் இலவசப் பதிப்பு 2 கிலோபைட் வரைதான் அனுமதிக்கும். அதனால் அவள் எஸ்.டி.சி.சி. என்ற இலவச கம்பைலருக்கு மாறினாள். அங்கங்கே சின்னச் சின்ன மாற்றம் செய்து கம்பைல் செய்தாள். சிப் அதேதான். அனுப்பும் பகுதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் திரையில் மறுபடியும் 1126.5!

ஏன்? எஸ்.டி.சி.சி. 8051-க்குச் சிறிய பைட்டை முதலில் வைக்கும். கெய்ல் பெரியதை முதலில் வைக்கும். 8051 எட்டு பிட் சிப். இரண்டு பைட் எண்ணை அது ஒரே மூச்சில் தொடுவதில்லை, எனவே வரிசையை கம்பைலர் எழுதியவர்தான் முடிவு செய்கிறார். சிப்பைக் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்காது. எல்-ஜம்ப் கட்டளையில் முகவரியின் பெரிய பைட் முதலில் வரும். எல்-கால் கட்டளை ஸ்டாக்கில் திரும்பும் முகவரியை வைக்கும்போது சிறிய பைட்டை முதலில் வைக்கும்!

ஆக, "எந்த மெஷின்?" என்று கேட்டால் போதாது, "எந்த கம்பைலர்?" என்றும் கேட்க வேண்டும். அதைவிட நல்லது, இரண்டையும் கேட்கவே அவசியமில்லாதபடி எழுதிவிடுவது. என் கருத்தே இதுதான். அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

முட்டைச் சண்டை

1726-ல் ஜோனதன் ஸ்விஃப்ட் என்பவர் 'கலிவரின் பயணங்கள்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் வரும் குட்டி மனிதர்களின் நாட்டில் வேகவைத்த முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று பெரும் சண்டை. சிறிய முனையில்தான் உடைக்க வேண்டும் என்று அரச கட்டளை. அதற்குப் பணிய மறுத்து 11 ஆயிரம் பேர் செத்தார்கள் என்று கதை போகும்.

கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்துவந்த டேனி கோஹன் என்ற கணிப்பொறி அறிஞர் 1980 ஏப்ரல் 1-ம் தேதி ஒரு கட்டுரை எழுதினார். பைட் வரிசைக்கு அந்த முட்டைக் கதையின் பெயரையே வைத்தார். பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்கள் கணிப்பொறி உலகில் நிலைத்தது அப்படித்தான். முட்டாள்கள் தினத்தில் எழுதினாலும் விஷயம் விளையாட்டில்லை. எந்த வரிசை என்பதைவிட எல்லோரும் ஒரே வரிசைக்கு ஒத்துக்கொள்வதே முக்கியம் என்பதுதான் அவர் சொன்னது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கூட்டல் போடும்போது நாம் ஒன்றாம் இடத்தில்தானே தொடங்குகிறோம்? ஒவ்வொரு பிட்டாகக் கூட்டும் மெஷினுக்கு சிறிய பக்கம் முதலில் வந்தால்தான் வசதி. 1970-ல் வந்த டேட்டாபாயின்ட் 2200 அப்படிப்பட்ட மெஷின். அதன் கட்டளைகளை ஒட்டித்தான் இன்டெல் 1972-ல் 8008 சிப்பை வெளியிட்டது. அந்தப் பழக்கம் 1978-ன் 8086 வழியாக இன்று நம் லேபில் இருக்கும் கணிப்பொறி வரைக்கும் வந்திருக்கிறது. மறுபக்கம் 1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360, 1979-ல் வந்த மோட்டோரோலா 68000 போன்றவை பெரியதை முன்னால் வைத்தன. நாம் எண்ணை எழுதுவதும் வாசிப்பதும் அப்படித்தானே? 'முந்நூற்று இருபத்தைந்து' என்று பெரியதில் இருந்துதான் இறங்குகிறோம். ஆனால் தேதி எழுதும்போது நாள், மாதம், வருடம் என்று சின்னதில் இருந்து ஏறுகிறோம். ஒரே மனிதருக்குள்ளேயே இரண்டு வழக்கம்!

அப்பா கேட்ட கேள்வி

ரிவ்யூ முடிந்து வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா விவரம் கேட்டார். அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். இவருக்கு பைட்டையும் கம்பைலரையும் எப்படிச் சொல்வது என்று முதலில் தயங்கினேன். பிறகு, "ஒரே நம்பர்ப்பா, அவ ஒரு பக்கத்துல இருந்து சொன்னா, நான் இன்னொரு பக்கத்துல இருந்து படிச்சிட்டேன்" என்றேன்.

அப்பா சிரித்தார். "இதுக்குப் போயா சண்டை போட்டீங்க பாப்பா? பத்துக்குப் பத்து ரூம்னு வீட்டுக்காரர் சொன்னா நாங்க மொதல்ல கேக்கறதே உள் அளவா, வெளி அளவான்னுதான். கேக்காம கயிறு கட்டினா, ஒம்போது இஞ்சு சுவரு ரெண்டு பக்கமும் தின்னுரும். ஒன்றரை அடி போச்சு! அப்புறம் அவரு நம்மளத் திட்டுவாரு, நாம அவரத் திட்டுவோம். பத்துங்கறது ரெண்டு பேருக்கும் பத்துதான்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் லேபில் உட்கார்ந்த எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வியை, பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரியான என் அப்பா வேலைக்குப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறார்.

நண்பர்களே, "இதெல்லாம் தெரிஞ்சதுதானே" என்ற சொல்தான் நமக்குப் பெரிய எதிரி. யாருக்குத் தெரிந்தது? ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது. புதிதாக வருகிறவருக்கு யார் சொன்னார்கள்? முதல் வருடம் நான் பட்டதைச் சொல்கிறேன். என் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால். வங்கிக் கணக்கில் பெயருக்குப் பின்னால். இரண்டும் நான்தான், இரண்டும் சரிதான். ஆனால் உதவித்தொகை இரண்டு தடவை திரும்பிப் போனது. கேட்கப் போன இடத்தில், "இதுகூடத் தெரியாதாம்மா?" என்றார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? படித்தவர் உள்ள வீட்டில் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுகிற விஷயம், என்னைப் போன்றவர்களுக்கு எழுதி ஒட்டியிருந்தால்தான் தெரியும். எழுதாத வழக்கத்தில் முதலில் அடிபடுவது முதல் தலைமுறைதான். என் பார்ட்னர் மீது நான் பழி போட்டதும் இதே தப்புதான். என் கணிப்பொறியின் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைத்து அவளைக் குற்றவாளி ஆக்கினேன்.

"இப்போ எல்லாம் ஒண்ணுதானே?"

இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒரு நண்பர் கேட்டார்: "இன்னைக்கு லேப்டாப், செல்போன் எல்லாமே லிட்டில் எண்டியன்தானே? இன்னும் எதுக்கு இந்தப் பழைய பஞ்சாங்கம்?"

பாதி உண்மை. நாம் கையில் வைத்திருக்கும் சாதனங்கள் அநேகமாக அப்படித்தான். ஆனால் அந்த செல்போன் இன்டர்நெட்டில் ஒரு பாக்கெட் அனுப்பினால் அதன் தலைப்பில் உள்ள எண்கள் பெரிய பைட் முதலில்தான் போக வேண்டும். 1981 செப்டம்பரில் வந்த இன்டர்நெட் விதிப்புத்தகமே அப்படி எழுதி வைத்துவிட்டது. அதனால் உங்கள் போன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சத்தமில்லாமல் பைட்டுகளைத் திருப்பிப் போடுகிறது. படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.பி. ஃபைலில் சிறியது முதல், பி.என்.ஜி. ஃபைலில் பெரியது முதல். டிஃப் ஃபைல் இரண்டையும் ஏற்கும். ஆனால் எது என்பதை முதல் இரண்டு எழுத்திலேயே சொல்லிவிடும். 'ஐஐ' என்றால் இன்டெல் வழக்கம், 'எம்எம்' என்றால் மோட்டோரோலா வழக்கம். அடுத்து 42 என்ற எண் வரும். அது 42 ஆகத் தெரியாவிட்டால் நாம் தப்பாகப் படிக்கிறோம் என்று அர்த்தம். எவ்வளவு மரியாதையான ஃபைல் பாருங்கள்!

நாளை ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனால் நாம் தினமும் பார்க்கப் போவது மோட்பஸ். 1979-ல் வந்தது, மீட்டரிலும் பி.எல்.சி.யிலும் இன்றும் ஓடுகிறது. 16 பிட் எண்ணில் பெரிய பைட் முதலில் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் 32 பிட் எண்ணை இரண்டு ரிஜிஸ்டரில் பிரித்து வைக்கும்போது எந்த ரிஜிஸ்டர் முதலில் என்று அதில் எழுதவில்லை. ஆளாளுக்கு ஒரு வழி. எழுதிய இடத்தில் சண்டை இல்லை, எழுதாத இடத்தில் இன்றும் என்ஜினியர்கள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் தாய்மொழிக்கும் இதே கதி உண்டு. யூனிகோடில் 'அ' எழுத்தின் எண் 2949. பைட்டாகப் பிரித்தால் 11, 133. யு.டி.எஃப்.-16 முறையில் சேமித்த 'அம்மா' என்ற சொல்லை வரிசை மாற்றிப் படித்தால் 'அ' ஒரு சீன எழுத்தாகிவிடும், மீதியெல்லாம் கொரிய எழுத்துகளாகிவிடும்! அதைத் தடுக்கத்தான் அந்த ஃபைலின் தொடக்கத்தில் 65279 என்ற அடையாள எண்ணை வைக்கிறார்கள். அதைத் திருப்பினால் வரும் 65534 எந்த எழுத்துக்கும் கொடுக்கப்படாத எண். அது கண்ணில் பட்டால், 'தலைகீழாகப் படிக்கிறோம்' என்று புரோகிராம் தெரிந்துகொள்ளும்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: மெமரியில் இருப்பதை அப்படியே அள்ளிக் கொட்டக் கூடாது. ஒரு ஸ்ட்ரக்சரை எஃப்-ரைட் போட்டு ஒரே வரியில் ஃபைலில் தள்ளுவது சுலபம்தான். ஆனால் அதில் பைட் வரிசை மட்டுமா ஒளிந்திருக்கிறது? எங்கள் கிட்டில் 'இன்ட்' இரண்டு பைட், கணிப்பொறியில் நான்கு பைட். போதாததற்கு கம்பைலர் தன் வசதிக்கு நடுவில் காலி இடமும் விடும். இப்போது எங்கள் கிட், எண்ணை 256-ஆல் வகுத்து முதலில் ஈவை அனுப்புகிறது, பிறகு மீதியை. என் புரோகிராம் முதல் பைட்டை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுகிறது. கெய்லோ எஸ்.டி.சி.சி.யோ, எதில் கம்பைல் செய்தாலும் 30.0 என்றால் 30.0தான்.

இரண்டு: ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். எந்தத் தகவல், எத்தனை பைட், எது முதலில், மைனஸ் எண் வருமா, அளவு டிகிரியா, அதில் பத்தில் ஒன்றா என்று நான்கைந்து வரி போதும்.

மூன்று: அந்தப் பக்கத்தில் ஒரு மாதிரி இருக்க வேண்டும். '25.8 டிகிரி என்றால் 258, பைட்டுகள் முதலில் 1, பிறகு 2' என்பது போல. 0-ஐயும் 257-ஐயும் வைத்துச் சோதிக்காதீர்கள், எங்களைப் போல ஏமாறுவீர்கள்! எழுதினால் மட்டும் போதாது, மாதிரியை ஓட்டியும் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்தது. அங்கே பைட் பிரச்சினை இல்லை, அளவுப் பிரச்சினை. நியூட்டன் கணக்கில் தகவல் தர வேண்டும் என்று எழுதித்தான் இருந்தது. ஒரு புரோகிராம் பவுண்டு கணக்கில் தந்தது. ஒத்துப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. நம் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் முகப்புக்கு ஒரு பக்கம், நன்றியுரைக்கு ஒரு பக்கம் உண்டு. 'தகவல் அமைப்பு' என்று இன்னும் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லித் துறைத் தலைவர்களிடம் பேரவை பேச வேண்டும். எங்கள் லேப் கணிப்பொறியில் சீனியர்கள் விட்டுப்போன ஒரு ஃபைல் இருக்கிறது. மாதக்கணக்கில் ராத்திரி பகலாக அளந்து சேர்த்ததாம். அதோடு எங்கள் அளவுகளை ஒப்பிட ஆசைப்பட்டோம். திறந்து பார்த்தால் வெறும் எண்கள். எது முதல், எத்தனை பைட், என்ன அளவு என்று ஒரு வரிகூட இல்லை. அவர்கள் உழைப்பு அங்கேயே கிடக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை.

எங்கள் ஃபைலுக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரி என் பார்ட்னரின் கையெழுத்து: 'பெரிய பைட் முதலில்.' அவள் சென்சார் காசை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தைக்கு எல்லோர் முன்னாலும்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? இந்த மலரைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூனியர்களே, முட்டையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உடையுங்கள். எந்தப் பக்கம் உடைத்தீர்கள் என்பதை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்!